பெரிட்டோனைட்டிஸ் கேஸ்ல லிக்னோகைன் ஓட்டினா இன்ஃப்ளமேஷன் அடங்குமா? சீஃபுக்கும் மயக்க டாக்டருக்கும் சண்டை, நடுவுல நான்

பாதித்தூக்கம் (கேள்வி)

வணக்கம் மக்களே, சர்ஜரி ரெண்டாவது வருஷ பிஜி. நேத்து ராத்திரி ரெண்டரை மணிக்கு ஒரு பர்ஃபரேஷன் கேஸ், ட்யூடினத்துல (சிறுகுடலோட ஆரம்பம்) ஓட்டை, வயித்து உள்சவ்வு பெரிட்டோனியம் முழுக்க அழற்சி, அதான் பெரிட்டோனைட்டிஸ், வலி ஆரம்பிச்சு ஒண்ணரை நாள் கழிச்சு வந்திருக்கார், வயிறு பலகை மாதிரி இருக்கு. திறந்தா பித்தம் கலந்த தண்ணி ஒண்ணரை லிட்டர் சக்‌ஷன் பாட்டில்ல ஏறுச்சு, குடல் மேலயெல்லாம் மஞ்சளா ஃபைப்ரின் (உறைஞ்ச புரதப் படலம்), விரலால தள்ளினா பால் ஆடை மாதிரி சுருண்டு வருது. ஓட்டையை மூடி ஓமென்டம் (குடல் மேல தொங்குற கொழுப்புத் திரை) வெச்சு தைச்சுட்டு வாஷ் குடுத்துக்கிட்டு இருக்கும்போது தலைமாட்டுல இருந்து மயக்க டாக்டர் கேக்குறார், "லிக்னோகைன் ஒரு லோடிங் குடுத்துட்டு ட்ரிப் மாதிரி இன்ஃப்யூஷன் ஓட்டட்டுமா, வலிக்கும் நல்லது, இன்ஃப்ளமேஷனும் அடங்கும், குடலும் சீக்கிரம் அசையும்"னு. சீஃப் நிமிர்ந்துகூட பாக்கல. "சீழ் கிடக்குற வயித்துல இன்ஃப்ளமேஷனை அடக்கி என்ன பண்ணப் போறீங்க, அதுதானே இப்ப அவரைக் காப்பாத்திக்கிட்டு இருக்கு"ன்னார். அப்புறம் ஒரு பத்து நிமிஷம் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி பேசினாங்க, நான் ரிட்ராக்டரை பிடிச்சுக்கிட்டு வாயைத் திறக்கல. கடைசியில ஓட்டல.

எனக்கு என்ன புரியலைன்னா, லிக்னோகைன் மாதிரி மரத்துப் போக வைக்கிற மருந்து நரம்புல வேலை செய்யுது, சோடியம் சேனலை அடைக்குது, அது முதல் வருஷத்துலயே படிச்சது. வெள்ளை அணுவுக்கு அதுல என்ன வேலை? நிஜமாவே இன்ஃப்ளமேஷன் குறையுதா, குறைஞ்சா இன்ஃபெக்‌ஷன் இருக்குற இடத்துல அது நல்லதா கெட்டதா, அப்புறம் லேப்ராஸ்கோப்பியில பித்தப்பை எடுத்துட்டு மூடுறதுக்கு முன்னாடி பூபிவகைன் (அதே வகை மருந்து) ஊத்துறோம்ல, அதையே இந்த மாதிரி அழுக்கு வயித்துலயும் ஊத்தலாமா? அடுத்த வாரம் ஜர்னல் க்ளப் வேற என் தலையில விழுந்திருக்கு, இதையே எடுக்கலாமான்னு பாக்குறேன். தெரிஞ்சவங்க சொல்லுங்க, திட்டினாலும் பரவாயில்ல.

தலைமாட்டுக்காரன்

தம்பி, ரெண்டு பேர் சொன்னதுலயும் பாதி சரி. நான் மயக்க மருந்துக்காரன்தான், ஆனா இந்த விஷயத்துல உங்க சீஃப் பக்கம் கொஞ்சம் சாய்வேன், ஏன்னு சொல்றேன், நீளமா போகும்.

இது புதுசா யாரோ கிளப்பிவிட்ட கதை இல்ல. ஜெர்மனியில ஷ்பீஸ்னு ஒரு டாக்டர் 1906-லயே எழுதிட்டார், மரக்க வெச்ச இடத்துல வீக்கமும் சிவப்பும் கம்மியா வருதுன்னு. ரஷ்யாவுல விஷ்னெவ்ஸ்கி 0.25% நோவகைனை லிட்டர் கணக்குல சிறுநீரகத்தைச் சுத்தியெல்லாம் போட்டு "பிளாக்கேட்"னு ஒரு வைத்திய முறையே நடத்தினார். அப்ப ஏன்னு யாருக்கும் தெரியாது, நரம்பு வழியா ஏதோ நடக்குதுன்னு நினைச்சுக்கிட்டாங்க. அப்புறம் 2000 வாக்குல ஹோல்மன், டூரியூ இவங்கல்லாம் உக்காந்து செல்லு செல்லா நோண்டினப்பதான் வெள்ளை அணுக்கிட்ட நடக்குறது வேற கதைன்னு தெரிஞ்சுது.

வெள்ளை அணு, குறிப்பா நியூட்ரோஃபில், அதுக்கு ரெண்டு கட்டம் இருக்கு. ஒண்ணு ப்ரைமிங், அப்புறம் ஆக்டிவேஷன். ஏற்கெனவே கடுப்புல இருக்குறவன்கிட்ட போய் "என்ன சார்"னு கேட்டாலே அடிக்க வருவான் இல்ல, அந்தக் கடுப்புதான் ப்ரைமிங். சாதாரணமா இருக்குற நியூட்ரோஃபில் கிருமியைப் பாத்து ஒரு அளவு சூப்பராக்சைடு (கிருமியை எரிக்கிற சரக்கு) கக்கும், ப்ரைம் ஆனது அதே கிருமிக்கு பல மடங்கு கக்கும், பக்கத்துல இருக்குற நம்ம சொந்த திசுவும் சேர்ந்து வேகும். பிளேட்லெட் ஆக்டிவேட்டிங் ஃபேக்டர், லைசோபாஸ்ஃபாட்டிடிக் ஆசிட், த்ராம்பாக்சேன் மாதிரி சிக்னல் செல்லுக்கு உள்ள போற வழியில ஜி க்யூன்னு ஒரு புரதம் உக்காந்திருக்கு, லிக்னோகைன் அதைத் தடுக்குதுன்னுதான் அந்த ஆய்வுகள் காட்டினது. சோடியம் சேனலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இன்னொரு விஷயம், இது நேரம் ஆக ஆக ஜாஸ்தியாகுது. நரம்பை அடைக்க ஊசி போட்ட இடத்துல எவ்வளவு செறிவு வேணுமோ அதுல ரொம்ப ரொம்ப கம்மி, அதாவது இன்ஃப்யூஷன் ஓடும்போது ரத்தத்துல இருக்குற மில்லிக்கு ஒண்ணு ரெண்டு மைக்ரோகிராம் அளவே, சில மணி நேரம் செல் அதுல ஊறிக் கிடந்தா போதும், ப்ரைமிங் குறையுது. அதனாலதான் ஒரு தடவை போடுறதை விட ஓட்டுறதுக்கு மவுசு.

இதோட, ரத்தக்குழாய் சுவர்ல வெள்ளை அணு ஒட்டிக்கிட்டு வெளிய குதிக்குறதும் குறையுது, மாஸ்ட் செல் ஹிஸ்டமின் விடுறதும் குறையுது, ஐஎல் 6 மாதிரி இன்ஃப்ளமேஷன் சிக்னல் சமாச்சாரமும் சில ஆபரேஷன் ஆய்வுகள்ல இறங்கியிருக்கு. உங்க மயக்க டாக்டர் காத்துல பேசல.

இப்ப உங்க சீஃப் பக்கம். ப்ரைமிங்கை மட்டும் அடக்கிட்டு கிருமியைக் கொல்லுற வேலையைத் தொடாம விடுதுங்கறது இன்ஃப்யூஷன் அளவுக்குத்தான் பொருந்தும். வயித்துல நேரா ஊத்துறோம்ல, அந்த அளவு செறிவுல நியூட்ரோஃபில் விழுங்குறதும் குறையுது, கொல்லுறதும் குறையுது. இந்த விஷயத்தைக் கிளப்பினவங்களே அப்பவே எழுதி வெச்சிருக்காங்க, கிருமி மொத்தமா கொட்டிக் கிடக்குற இடத்துல இது பாதுகாப்பைக் கெடுக்கலாம், ஜாக்கிரதைன்னு. ஆர்வமா பேசுறவங்க அந்த வரியை மட்டும் தாண்டிப் போயிடுவாங்க.

எலிக்கு வருவோம். சீக்கத்தை (பெருங்குடலோட ஆரம்பப் பை) கட்டி ஊசியால குத்தி விடுவாங்க, மலம் வயித்துக்குள்ள கசிஞ்சு செப்டிக் பெரிட்டோனைட்டிஸ் வரும். 2004-ல வந்த ஒரு ஆய்வுல லோக்கல் அனஸ்தெட்டிக் ஓட்டின எலிங்க கம்மியா செத்துச்சு, கிட்னியும் லிவரும் நல்லா இருந்துச்சு. பாக்க அருமையா இருக்கும். ஆனா எலிக்கு எப்ப ஓட்டை விழுந்துச்சுன்னு நிமிஷக் கணக்குல தெரியும், மருந்தும் கையோட ஏறிடும். உங்க ஆளு ஒண்ணரை நாள் கழிச்சு வந்தார். அவர் உடம்புல இருக்குற நியூட்ரோஃபிலுக்கு எப்பவோ ப்ரைமிங் முடிஞ்சு போச்சு, வெடி வெடிச்ச பிறகு திரியை நனைக்கிற கதை. அதோட எலியைக் காப்பாத்தி மனுஷனைக் கைவிட்ட மருந்து செப்சிஸ்ல (தொற்றால உடம்பு முழுக்கக் கெடுறது) எத்தனையோ இருக்கு. ஆக்டிவேட்டட் ப்ரோட்டீன் சி-ங்கற செப்சிஸ் மருந்துக்கு மனுஷங்கள்ல ஒரு பெரிய ட்ரையல் ஜெயிச்சே 2001-ல அனுமதி கிடைச்சுது, அப்புறம் 2011-ல அதையே சந்தையிலேருந்து வாபஸ் வாங்கினாங்க. எனக்கு அந்த மருந்து ஓடின காலம் ஞாபகம் இருக்கு, அதனாலயோ என்னவோ எலி கிராஃபைப் பாத்தா இப்பல்லாம் பெருசா சந்தோஷம் வர்றதில்ல.

குடல் சீக்கிரம் அசையும்னு சொன்னார்ல, அதுவும் முன்னாடி சின்னச் சின்ன ஆய்வுல நல்லா வந்துச்சு. 2018-ல எல்லாத்தையும் சேத்துப் பாத்த காக்ரேன் அறிக்கை "நிச்சயமா சொல்ல முடியல"ன்னு இழுத்துச்சு. பிரிட்டன்ல 500 பேருக்கும் மேல வெச்சு பெருங்குடல் ஆபரேஷன்ல அலெக்ரோன்னு ஒரு ட்ரையல் பண்ணாங்க, 2024-ல ரிசல்ட் வந்துச்சு, 72 மணி நேரத்துல குடல் அசையுறதுல ரெண்டு குரூப்புக்கும் வித்தியாசம் இல்ல. அதுவும் ப்ளான் பண்ணி, சுத்தமான வயித்துல, லேப்ராஸ்கோப்பி மாதிரி சின்னத் துளை போட்டு பண்ணின கேஸ். சீழ் வயித்துக்கு மனுஷங்கள்ல நம்புற மாதிரி ஒரு பெரிய ட்ரையல் காட்டுங்கன்னு உங்க மயக்க டாக்டர்கிட்ட பணிவா கேட்டுப் பாருங்க.

கத்தரி63

மேல நண்பர் எல்லாம் சொல்லிட்டார், நான் சர்ஜன், ஊத்துறதைப் பத்தி மட்டும் பேசுறேன். பித்தப்பையில ஊத்துறோம், வலி கொஞ்சம் குறையுது, தோள்பட்டை வலி சிலருக்குக் குறையுது, சரி. அது சுத்தமான வயிறு. பெரிட்டோனியத்தோட பரப்பு எவ்வளவுன்னு நினைக்குறீங்க, நம்ம மொத்தத் தோல் பரப்பு கிட்ட வரும். அது வீங்கி ரத்த ஓட்டம் ஜாஸ்தியாகி சிவந்து கிடக்கும்போது அதுல மருந்தை ஊத்துனா எவ்வளவு வேகமா உறிஞ்சும், எவ்வளவு ரத்தத்துக்குப் போகும்னு யாராலயும் கணக்கு போட முடியாது. கூடவே நீங்க ஒண்ணரை லிட்டர் அழுக்கை எடுத்துட்டு லிட்டர் கணக்குல சலைன் விட்டு கழுவிட்டுத்தானே மூடுறீங்க, மிச்சம் நிக்குற சலைன்ல மருந்து கரைஞ்சு ட்ரெயின் வழியா பைக்குத்தான் போகும். ஆக வேலையும் செய்யாது, செஞ்சா அளவுக்கு மீறி செய்யும்.

இன்ஃப்ளமேஷனை மொத்தமா எதிரியாப் பாக்காதீங்க தம்பி. ஓமென்டத்துக்கு "வயித்தோட போலீஸ்காரன்"னு பேர் வந்தது சும்மா இல்ல, அது ஓடிப் போய் ஓட்டையில ஒட்டிக்குறதே இன்ஃப்ளமேஷனாலதான். நீங்க விரலால உரிச்ச அந்த ஃபைப்ரின் கிருமியைச் சுத்தி சுவர் கட்டத்தான் வந்துச்சு. அதே ஃபைப்ரின் உள்ள கிருமியை ஒளிச்சு வெச்சுக்கிட்டு ஆண்டிபயாட்டிக் போகாம பண்றதும் உண்டு, பின்னால ஒட்டல் வந்து குடல் அடைப்பு குடுக்குறதும் அதேதான். நல்லவனா கெட்டவனான்னு கேட்டா ரெண்டும்தான்.

வயித்து இன்ஃபெக்‌ஷன்ல உயிரைக் காப்பாத்துறது ஓட்டையை மூடுறது, அழுக்கை எடுக்குறது, ஷாக்ல இருந்தா ஒரு மணி நேரத்துக்குள்ள ஆண்டிபயாட்டிக். ஓட்டையைச் சரியா மூடிட்டா ஆண்டிபயாட்டிக்கூட ரொம்ப நாள் வேண்டாம், 2015-ல வந்த ஸ்டாப் இட் ட்ரையல்ல 518 பேர், கிட்டத்தட்ட நாலு நாளும் எட்டு நாளும் ஒரே மாதிரிதான் வந்துச்சு. ஜர்னல் க்ளப்புக்கு இதையும் பாருங்க, ஹவுஸ் ஆபீசர்ங்க இன்னும் பத்து நாள், பதினாலு நாள்னு எழுதிட்டுப் போறாங்க.

ஷிஃப்ட்முடியல

நான் ஐசியூ நர்ஸ். டாக்டருங்க இன்ஃப்ளமேஷன் பத்திப் பேசுறீங்க, நான் பம்ப் பத்திப் பேசுறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி குடல் ஆபரேஷன் முடிஞ்சு வந்த ஒரு அம்மா, லிக்னோகைன் இன்ஃப்யூஷன் ஓடுது, நைட் ட்யூட்டி. ஒரு மணிக்கு ரவுண்டு போறேன், நல்லாத்தான் பேசுறாங்க. ரெண்டரைக்கு "சிஸ்டர், வாயெல்லாம் காசை நக்கின மாதிரி இருக்கு, நாக்கு தடிச்சுப் போச்சு"ங்கறாங்க. தண்ணி குடிக்காம இருந்ததால வாய் காஞ்சிருக்கும்னு முதல்ல நினைச்சேன், பஞ்சை நனைச்சு உதட்டுல வெக்கப் போனேன், அப்பதான் பாத்தேன் மேல் உதடு ஓரத்துல சின்னதா ஒரு துடிப்பு, கண் சிமிட்டுற மாதிரி விட்டு விட்டு. காதுல ஏதாவது கேக்குதாம்மான்னேன், "ஆமா, வண்டு மாதிரி"ன்னாங்க. பம்ப்பை நிறுத்திட்டுத்தான் டாக்டரைக் கூப்பிட்டேன். அப்புறம் பாத்தா பம்ப்ல எடை 58-க்குப் பதிலா 85-னு போட்டிருக்கு, யார் போட்டாங்கன்னு கேக்காதீங்க. நிறுத்தினதும் அரை மணி நேரத்துல அந்தம்மாவுக்குச் சரியாயிடுச்சு, ஃபிட்ஸ் வரல, காலையில என்கிட்ட காபி கேட்டாங்க.

அவங்க முழிச்சு இருந்ததால வாய் விட்டுச் சொன்னாங்க. நீங்க சொல்ற பெரிட்டோனைட்டிஸ் ஆளு ட்யூப்ல, மயக்கத்துல, நார் அட்ரினலின்ல (பிரஷரை ஏத்துற மருந்து) இருப்பார், அவர் யார்கிட்ட போய் நாக்கு தடிச்சிருக்குன்னு சொல்லுவார்? எங்களுக்கு முதல் அறிகுறியே ஃபிட்ஸா இருக்கும், இல்லன்னா மானிட்டர்ல க்யூஆர்எஸ் (ஈசிஜியில துடிப்போட அலை) அகலமாகும். அதனால ஓட்டுங்க ஓட்டாதீங்க, அது உங்க இஷ்டம், ஆனா ஓட்டுறதா இருந்தா லைன்ல பெருசா எழுதி ஒட்டுங்க, தனி லைன்ல போடுங்க, லிப்பிட் எமல்ஷன் (இந்த விஷத்துக்குக் குடுக்குற கொழுப்பு மருந்து) எங்க இருக்குன்னு எனக்குக் காட்டிட்டு வீட்டுக்குப் போங்க.

தலைமாட்டுக்காரன்

சிஸ்டர் சொன்னது நான் எழுதின எல்லாத்தையும் விட முக்கியம். அதுல ஒண்ணு ரெண்டு சேத்துக்குறேன். லிக்னோகைனை உடைக்குறது லிவர், அதுவும் லிவருக்கு எவ்வளவு ரத்தம் வருதோ அதைப் பொறுத்துத்தான். செப்டிக் ஷாக்ல அந்த ரத்தம் குறையும், மருந்து தேங்கும், சரியான எடையைப் போட்டு சரியான ஸ்பீடுல ஓட்டினாலும் தேங்கும். ஆசிடோசிஸ் (ரத்தத்துல அமிலம் கூடுறது) வந்தா மூளைக்கும் இதயத்துக்கும் அதோட விஷம் ஜாஸ்தியா தெரியும். ஆல்ஃபா 1 ஆசிட் கிளைக்கோப்ரோட்டீன்னு ஒரு ரத்தப் புரதம் இன்ஃப்ளமேஷன்ல ஏறும், அது மருந்தைப் பிடிச்சு வெச்சுக்கும்னு ஒரு ஆறுதல் இருக்கு, ஆனா அதை நம்பி யாரும் பம்ப் செட் பண்ண மாட்டாங்க.

2021-ல பல நாட்டு மயக்க டாக்டருங்க சேர்ந்து ஒரு வழிமுறை போட்டாங்க, ஐடியல் எடைக்கு (உயரத்துக்கு இருக்க வேண்டிய எடை) கிலோவுக்கு 1.5 மில்லிகிராம் லோடிங், அதையும் 10 நிமிஷமா குடுக்கணும், அப்புறம் மணிக்கு கிலோவுக்கு 1.5 தாண்டக்கூடாது, 24 மணி நேரத்துக்கு மேல வேண்டாம், 40 கிலோவுக்குக் கீழ வேண்டாம், வேற ப்ளாக் போட்டு அந்த மருந்து இன்னும் வேலை செஞ்சுக்கிட்டு இருந்தா வேண்டாம். அதாவது வயித்துலயும் ஊத்திட்டு ரத்தத்துலயும் ஓட்டுறது சுத்தமா வேண்டாம். விஷம் ஏறினா 20% லிப்பிட், கிலோவுக்கு 1.5 மில்லி, 60 கிலோ ஆளுக்கு 90 மில்லி, ரெண்டு மூணு நிமிஷத்துல தள்ளணும். அந்த நேரத்துல மொபைல்ல தேடிக்கிட்டு நிக்காதீங்க.

வேடிக்கைபாக்குறவன்

நான் டாக்டரெல்லாம் இல்ல, சும்மா படிச்சுக்கிட்டு வந்தேன், ஒரே ஒரு சந்தேகம். எனக்குப் பல்லுல சீழ் வெச்சப்ப மூணு ஊசி போட்டும் மரக்கவே இல்ல, டாக்டர் ஆண்டிபயாட்டிக் குடுத்து அப்புறம் வாங்கன்னு அனுப்பிட்டார். அப்ப சீழ் இருந்தா மருந்து வேலையே செய்யாதுன்னா இங்க எதுக்கு இவ்வளவு சண்டை?

தலைமாட்டுக்காரன்

நல்ல கேள்விங்க, நிறைய பிஜிங்க இதுல வழுக்குவாங்க. லிக்னோகைன் ரெண்டு உருவத்துல இருக்கும், சார்ஜ் உள்ளது, சார்ஜ் இல்லாதது. நரம்போட உறையைத் தாண்டி உள்ள போறது சார்ஜ் இல்லாததுதான். அதோட பிகேஏ, அதாவது ரெண்டு உருவமும் சரிபாதியா இருக்குற பிஎச், 7.9. சாதாரண திசுவுல பிஎச் 7.4, அங்க நூத்துக்கு 24 பங்கு சார்ஜ் இல்லாம இருக்கும். சீழ்ல அமிலம் ஜாஸ்தி, 6.4-ன்னு வெச்சுக்குங்க, நூத்துக்கு 3 பங்குதான் தேறும். பிஎச் ஒரே ஒரு புள்ளி இறங்கினா உள்ள போற மருந்து எட்டுல ஒரு பங்கு ஆயிடுது. போதாக்குறைக்கு வீங்கின இடத்துல ரத்த ஓட்டம் ஜாஸ்தி, போட்ட மருந்தை இழுத்துக்கிட்டுப் போயிடும். உங்க பல் டாக்டர் மேல தப்பில்ல.

ரத்தத்துல ஓட்டும்போது கதை வேற, ரத்தத்தோட பிஎச் அவ்வளவு இறங்குறதில்ல, வெள்ளை அணு ரத்தத்துலயே மருந்துல குளிச்சுட்டுத்தான் வயித்துக்குப் போகுது. ஆனா வயித்துல ஊத்துற மருந்துக்கு உங்க பல் கதைதான்.

அகார்தட்டு

மைக்ரோபயாலஜி லேப்ல இருந்து ஒரு புலம்பல். லோக்கல் அனஸ்தெட்டிக்குக்கு கிருமியைக் கொல்லுற குணமும் உண்டு, டெஸ்ட் ட்யூப்ல ஈ.கோலை, ஸ்டஃபைலோகாக்கஸ் எல்லாத்தோட வளர்ச்சியையும் அமுக்கும், பாட்டில் மருந்துல சேத்திருக்குற பாரபென் அது ஒரு பக்கம் அமுக்கும். இதைக் கேட்டுட்டு உடனே "அப்ப இன்ஃபெக்‌ஷனுக்கே மருந்தாச்சே"ன்னு ஒருத்தர் வருவார், ட்யூப்ல கொல்லுற செறிவை ரத்தத்துல கொண்டு வந்தா கிருமிக்கு முன்னாடி ஆள் போயிடுவார்.

எங்க பிரச்சனை என்னன்னா, வயித்துல மருந்து ஊத்தின பிறகு அந்தத் தண்ணியை உறிஞ்சி கல்ச்சருக்கு அனுப்புறாங்க, இல்லன்னா சீழ்கட்டியை மரக்க வெக்கிறேன்னு ஊசியைக் கட்டிக்குள்ளயே விட்டு மருந்தைக் கலந்துட்டு அப்புறம் அதே ஊசியில இழுத்து அனுப்புறாங்க. எங்களுக்கு மூணு நாள் கழிச்சு "நோ க்ரோத்". சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல பாத்தா (க்ராம் ஸ்டெயின்) குச்சி குச்சியா தெரியுது, தட்டுல ஒண்ணும் முளைக்கல. ஃபோன் போட்டு திட்டுவாங்க, லேப் சரியில்லன்னு. சாம்பிளை முதல்ல எடுங்க சாமி, அப்புறம் என்ன வேணா ஊத்துங்க. ஸ்வாப் (பஞ்சுக் குச்சி) அனுப்பாதீங்க, தண்ணியாவே அனுப்புங்க.

பாதித்தூக்கம்

அய்யோ இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு நினைக்கல. அகார்தட்டு, நேத்து நான் அனுப்பினது ஸ்வாப்தான், மன்னிச்சிடுங்க. தலைமாட்டுக்காரன் அண்ணா, இன்னும் ஒண்ணே ஒண்ணு, அப்ப எபிடூரல் (முதுகுத்தண்டு பக்கத்துல மருந்து) போட்டா? நரம்பு வழியாவே இன்ஃப்ளமேஷன் குறையும், குடலுக்கு ரத்தமும் வரும்னு எங்கயோ படிச்சேன்.

தலைமாட்டுக்காரன்

படிச்சது சரிதான். சிம்பத்தெட்டிக் நரம்பு அடைபட்டா குடல் ரத்தக்குழாய் விரியும், குடல் அசைவு கூடும், ஸ்ட்ரெஸ் ஹார்மோன் குறையும். ஆனா அதே அடைப்பு பிரஷரையும் இறக்கும், ஏற்கெனவே செப்சிஸ்ல விரிஞ்சு கிடக்குற ஆளுக்கு இன்னும் விரிச்சு விடணுமா? ரத்தத்துல கிருமி ஓடுற ஆளுக்கு முதுகுல கதீட்டர் விட்டா அங்க போய் சீழ் கட்டலாம், ப்ளேட்லெட் இறங்கி ரத்தம் உறையுறது கெட்டிருந்தா அங்க ரத்தம் கட்டி (எபிடூரல் ஹீமட்டோமா) கால் விழலாம். அதனால உங்க ராத்திரி கேஸ்ல நான் எபிடூரலைத் தொட மாட்டேன். பாங்க்ரியாட்டைட்டிஸ்ல (கணைய அழற்சி), அது கிருமி இல்லாத இன்ஃப்ளமேஷன், அதுலகூட ஃப்ரான்ஸ்ல எபிபான்னு ட்ரையல் பண்ணிப் பாத்தாங்க, 2023-ல வந்துச்சு, ஐசியூவுல இருந்தவங்களுக்கு எபிடூரல் போட்டதால வென்டிலேட்டர் இல்லாத நாள் ஒண்ணும் கூடல. அதே நோய்க்கு ப்ரோகைன் இன்ஃப்யூஷன் ஜெர்மனியில ரொம்ப நாள் வழக்கத்துல இருந்துச்சு, ஒரு ட்ரையல்ல மார்ஃபின் வகை மருந்தோட ஒப்பிட்டப்ப வலிக்கே அது அவ்வளவா கேக்கல. கிளினிக்கல் ட்ரையல்னு வந்தா இந்தக் குடும்பத்துக்கு ராசி கம்மி.

வலிக்கு என்ன பண்றதுன்னா வயித்துச் சுவர்ல டாப் ப்ளாக் போடலாம், அதுவும் மொத்த அளவைக் கணக்குல வெச்சு. ஆனா அது வெளிச்சுவர் வலிக்குத்தான், உள்ள குடலோட வலிக்கு அது தெரியவே தெரியாது.

கத்தரி63

ஒரு சின்ன சைடு விஷயம். வலி மருந்து குடுத்தா வயித்து சைன் மறைஞ்சிடும், டயக்னோசிஸ் தப்பிடும்னு எங்க காலத்துல பேஷன்ட்டை மணிக்கணக்கா கத்த விட்டோம். அப்புறம் ஆய்வு பண்ணிப் பாத்தா ஓப்பியாய்ட் (மார்ஃபின் வகை வலி மருந்து) குடுத்ததால ஆபரேஷன் முடிவு தப்பினதில்ல. இன்னமும் சில வார்டுல "சீஃப் பாக்குற வரைக்கும் ஊசி வேண்டாம்"னு நடக்குது. தம்பி, நீங்க அப்படிப் பண்ணாதீங்க.

பாதித்தூக்கம் (நாலு நாள் கழிச்சு)

அப்டேட். அந்தப் பேஷன்ட்டுக்கு நார் அட்ரினலின் ரெண்டாவது நாளே நிறுத்தியாச்சு, இன்னைக்குக் காலையில காத்து பிரிஞ்சுது, ட்ரெயின்ல வர்றது தெளிவா இருக்கு. லிக்னோகைன் இல்லாமத்தான். அதை வெச்சு எதுவும் நிரூபிக்க வரல, ஓட்டியிருந்தாலும் இப்படியே ஆகியிருக்கலாம், ஒரே ஒரு ஆள்தானே.

ஜர்னல் க்ளப்ல இதையே எடுத்தேன். பிஎச் கணக்கைப் போர்டுல போட்டேன், எல்லாரும் நிமிர்ந்து உக்காந்தாங்க. மயக்க டாக்டர் வந்திருந்தார், நான் பணிவா அந்த மனுஷ ட்ரையல் கேள்வியைக் கேட்டேன், சிரிச்சுட்டு "நீயே பண்ணு"ன்னுட்டார். சீஃப் எழுந்து "அப்ப ப்ரைமிங்னு ஒண்ணு இருக்கு, அது எனக்குத் தெரியாது"ன்னு சொன்னார், அவர் வாயில இருந்து "தெரியாது" வந்ததை நான் இதுவரைக்கும் கேட்டதில்ல.

ஷிஃப்ட்முடியல அக்கா, நீங்க சொன்னதும் எங்க தியேட்டர்ல லிப்பிட் எங்க இருக்குன்னு தேடினேன். ரெண்டு பேர் ஐசியூல இருக்கும்னாங்க, ஐசியூல ஃபார்மசிலன்னாங்க. கடைசியில தியேட்டர் ஸ்டோர்ல பூட்டின அலமாரிக்குள்ள ஒரு பாட்டில் கிடைச்சுது, சாவி டே ட்யூட்டி இன்சார்ஜ்கிட்ட, எக்ஸ்பைரி தேதி முடிஞ்சு அஞ்சு மாசம். இப்ப புதுசா ரெண்டு பாட்டில் எமர்ஜென்சி ட்ராலி மேல்தட்டுல நிக்குது, பக்கத்துலயே 60 கிலோவுக்கு 90 மில்லின்னு என் கையெழுத்துல ஒரு சீட்டு.

ஷிஃப்ட்முடியல

சீட்டை டேப் போட்டு ஒட்டுங்க தம்பி, ராத்திரி யாராவது அதுல ஃபோன் நம்பர் எழுதி எடுத்துட்டுப் போயிடுவாங்க.